அக்கா எழுதிய கலண்டர்

அம்மா பெரட்டுக்குப் போன பிறகு எங்கள் லயத்து வீடுகள் வெறிச்சென்று ஆகிவிடும். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, அன்றைக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு, பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவார்கள். ஆண்களில் பாதிப் பேர் கடை வேலைக்கும் மரக்கறித் தோட்ட வேலைக்குமாக நுவரெலியா பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம், கைக்குழந்தைகள் ஆயம்மா பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா. அதற்குப் பிறகு அந்த நீள வரிசையில் திறந்திருக்கும் கதவு எங்களுடையது ஒன்றுதான். முன்னறையில், சிக்னல் கிடைக்கிற ஜன்னல் ஓரமாக, லெப்டொப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் எனக்கு வேலை. கம்பனி அங்கே, நான் இங்கே. கொரோனாக் காலத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்திய வருஷம்தான் அப்பா தவறியிருந்தார். அம்மா தனியாக இருந்தாள். ஊரடங்கு எல்லாம் முடிந்து மற்றவர்கள் ஆபீசுக்குத் திரும்பியபோது நான் திரும்பவில்லை. திரும்பி வா என்று யாரும் சொல்லவுமில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது, அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் வாசல் வழியாகப் போன கண்டாக்கு ஐயா நின்று கேட்டார்.

"என்னம்மா, வேல ஒண்ணும் கெடைக்கலையா? படிச்ச புள்ள வீட்டுலயே இருக்கியே."

"வேலதான் செய்றேங்க ஐயா. கம்ப்யூட்டர்ல."

"அது சரி. வேலைக்கு எப்ப போவ?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மலையில் வேலையை மேற்பார்க்கிறவர் அவர். வேலை என்றால் அவருக்கு ஆள் எழுந்து போக வேண்டும், களைத்துத் திரும்பி வர வேண்டும். நான் சிரித்து வைத்தேன். அன்றைக்கு நான் வாய்திறந்து பேசியது அவ்வளவுதான் என்பது சாயங்காலம் அம்மா வந்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் கம்பனி ஹோட்டல்களுக்கு மென்பொருள் செய்கிறது. நடுவில் ஒரு பெரிய மென்பொருள். ஒவ்வொரு ஹோட்டலும் தனக்குத் தேவையானதை மட்டும் அதில் கொளுவிக்கொள்ளலாம். அப்படிக் கொளுவுகிற சின்ன மென்பொருளைத்தான் பிளகின் என்கிறோம். அறை பதிவு செய்ய ஒன்று, சாப்பாட்டு ஓர்டர் எடுக்க ஒன்று, சலவைக்கு ஒன்று. சாப்பாட்டுப் பிளகின் என்னுடையது. அதில் திரையில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை நான் எழுதினேன்: பட்டன்கள், நிறங்கள், எழுத்துகள், கரண்டியும் தட்டுமாகச் சின்னப் படங்கள்.

அறைப் பதிவுப் பிளகினை எழுதியவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, எனக்கு முன்னாலேயே கம்பனியில் சேர்ந்திருந்தவர். அந்த மாடி முழுவதிலும் எங்கள் பேச்சைப் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். முதல் நாள் நான் மூலையில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது அவராகவே வந்து, "எந்தப் பக்கம் புள்ள நீ?" என்று கேட்டார். "நானுஓயாக்கா" என்றேன். அப்படியே பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரே ரயிலில் வருவோம். ஹட்டனில் அவர் இறங்கிவிடுவார். அதற்கு மேல் நானுஓயா வரைக்கும் நான் தனியாக வருவேன்.

அக்கா தன் பிளகினுக்கு ஒரு கலண்டர் எழுதியிருந்தார். நல்ல வேலை. அறை நிரம்பிய நாட்கள் சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும். பௌர்ணமி வருகிற போயா தினங்களில் ஒரு சின்ன மஞ்சள் வட்டம் இருக்கும். போயா அன்றைக்கு ஹோட்டல்களில் மது பரிமாறக்கூடாது. அதனால் என் சாப்பாட்டுப் பிளகினுக்கும் போயா எப்போது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காக நான் இன்னொரு கலண்டர் எழுதவா?

"அக்கா, ஒங்க கலண்டரையே நான் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க. இதுக்கெல்லாம் கேப்பியா?"

கொஞ்ச நாளில் அவருக்கு என் சின்னப் படங்கள் தேவைப்பட்டன. அறையோடு காலைச் சாப்பாடும் உண்டு என்று காட்ட என் கரண்டியும் தட்டும். "ஒன்னோடத நான் எடுத்திருக்கேன் புள்ள," என்று எடுத்த பிறகுதான் சொன்னார். பிறகு என் பட்டன்களையும் எடுத்தார். நான் அவருடைய நிறங்களை எடுத்தேன். அவர் ஒரு பச்சையை மாற்றினால் என் பக்கத்தில் பச்சை மாறும். நான் ஒரு பட்டனைப் பெரிதாக்கினால் அவர் கதிரையைத் திருப்பி, "என்னடி செஞ்ச, என் பக்கமெல்லாம் வீங்கிப்போய்க் கெடக்கு," என்பார். நான் வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. கதிரையைத் திருப்புவதற்குப் பதிலாக போன் எடுப்பார். பட்டனில் தொடங்கி, அவருடைய அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் பேசிவிட்டு வைப்போம்.

இது பிழையான வேலை என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். என் பிளகின் எழும்ப வேண்டுமென்றால் அக்காவுடையது முதலில் எழும்பியிருக்க வேண்டும். அக்காவுடையது எழும்ப என்னுடையது முதலில் எழும்பியிருக்க வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் வாசலில் காத்துக்கொண்டு நின்றால் யார் உள்ளே போவது? அப்படி இருந்தும் அது ஓடியது. பெரிய மென்பொருள் பிளகின்களை ஏற்றுகிற வரிசை எங்களுக்குத் தற்செயலாக ஒத்து வந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் அக்கா வழக்கம்போல் போன் எடுத்தார். பட்டனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"புள்ள, விசா வந்திருச்சு."

குடும்பத்தோடு வெளிநாடு போக அவருடைய கணவர் ஒரு வருஷமாக முயற்சி செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். "நல்லதுக்கா," என்றேன்.

போவதற்கு முன் தன் பிளகினைக் கொழும்பிலிருந்த இன்னொரு குழுவிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. குழுத் தலைவர் சிங்கள இளைஞர், வேகமாகப் பேசுகிறவர். அவரோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். வீடியோ அழைப்பில் அக்கா திரையைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினார். நானும் அழைப்பில் இருந்தேன், மைக்கை அணைத்துக்கொண்டு. கேள்வி நேரம் முடிந்து எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். திரையில் எங்கள் இரண்டு கட்டங்கள் மிச்சம்.

"எல்லாரும் போய்ட்டாங்களா?" என்றார் அக்கா.

"போய்ட்டாங்கக்கா."

"அப்ப கொஞ்ச நேரம் இரு."

இருந்தேன். அவர் எதையோ மடித்து வைத்துக்கொண்டிருந்தார், சாரியோ துவாயோ. பின்னால் பெட்டிகள் தெரிந்தன. எங்கள் பக்கத்தில் மின்சாரம் போனது. ரவுட்டர் அணைந்து அவர் முகம் அப்படியே நின்றது, பிறகு அதுவும் போனது. மின்சாரம் திரும்பி வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது.

அவர் போன பிறகு முதலில் தினமும் செய்தி வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. அங்கே பகலென்றால் இங்கே வேறு நேரம். நான் எழுதினால் அடுத்த நாள் பதில் வரும், ஒரு வரியில். அவரைக் குறை சொல்ல முடியாது. புது ஊரில் ஒரு குடும்பத்தை நிறுத்துகிற ஆளுக்கு என் சாப்பாட்டுப் பிளகினின் கதையைக் கேட்க எங்கே நேரம்?

புதுக் குழு அறைப் பதிவுப் பிளகினில் கைவைத்தது. ஏற்றும் வரிசையையும் மாற்றினார்கள், வேகமாக எழும்ப வேண்டும் என்று. ஒரு காலையில் தென்கரைப் பக்க ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசைத் திரை வெள்ளையாக நின்றுவிட்டது. பெட்டிகளோடு விருந்தினர்கள் வரிசையில் நிற்கிறார்களாம், யார் எந்த அறை என்றே காட்டவில்லையாம். குழுத் தலைவர் என்னை அழைத்தார். அந்த நேரம் பார்த்து இங்கே கொட்டு மழை. எங்கள் கூரை தகரம். அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. "மழை, எழுதுங்கள்" என்று தட்டினேன். அவர் எழுதினார்: உங்கள் படங்களுக்காக எங்கள் பிளகின் காத்துக்கொண்டு நிற்கிறது. நான் எழுதினேன்: என் பிளகின் உங்கள் கலண்டருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. இருவரும் சொன்னது சரிதான். பழைய வரிசைக்கே மாற்றச் சொன்னேன், திரை வந்தது.

அதன் பிறகு கூட்டம் போட்டு, இந்த முடிச்சை அவிழ்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான சாமான்களை வெளியே எடுத்து ஒரு பொதுப் பொதியாகக் கட்ட வேண்டும். நிறம், எழுத்து, பட்டன், படம், கலண்டர் எல்லாம் அதற்குள். எந்தப் பிளகினும் அந்தப் பொதியிடம் கேட்கலாம். பொதி எந்தப் பிளகினிடமும் எதையும் கேட்கக்கூடாது. பிளகின்களும் ஒன்றிடமிருந்து ஒன்று நேரே எடுக்கக்கூடாது. பெரிய மென்பொருள் பொதியை ஒரே ஒரு தடவை முதலில் ஏற்றிவிட்டால், பிறகு யார் முன்னால் வந்தால் என்ன, யார் பின்னால் வந்தால் என்ன.

நிறங்கள் சுலபமாக வந்தன. பட்டன்களும் படங்களும் வந்தன. அக்கா என்னிடமிருந்து எடுத்திருந்த ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அந்த வரியை அழித்து, இனி பொதியிலிருந்து எடு என்று மாற்றினேன். பகல் முழுக்க அதே வேலை. கரண்டியும் தட்டும் ஒரு வரி, பட்டன் ஒரு வரி. சில வரிகளைப் பார்க்கும்போது அவை எழுதப்பட்ட நாள் ஞாபகம் வந்தது. ஒரு பட்டனுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'வீங்கின பட்டன்', ஆங்கில எழுத்தில். புதுக் குழுவில் யாருக்கும் அது விளங்கியிருக்காது. நான் அதற்கு ஒழுங்கான பெயர் வைத்தேன். வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

சாயங்காலம் அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டபடியே என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒருத்தர்கூடவும் பேசலையா?"

"பேசுனேன்மா. எழுதி எழுதிப் பேசுனோம்."

"தொண்ட கட்டிப்போய் இருக்கு. பேசாம இருந்தாத்தான் இப்படிக் கட்டும்." தேத்தண்ணீரை ஊற்றி என் பக்கம் தள்ளினாள். "மலையில நாங்க வாய மூடுறதே இல்ல. கங்காணி சத்தம் போட்டாலும் மூடுறதில்ல."

கடைசியாகக் கலண்டரைத் தூக்கிப் பொதிக்குள் வைத்தேன். கட்டி ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் வெள்ளைத் திரை. கலண்டருக்கு, எந்த நாளில் அறை நிரம்பியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை அது அறைப் பதிவுப் பிளகினிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பிளகின் பொதியைக் கேட்கிறது, பொதி திரும்பி அந்தப் பிளகினைக் கேட்கிறது. பழைய சுற்று அறுந்தது, அந்த இடத்தில் புதிய சுற்று. கலண்டரைப் பொதியிலிருந்து எடுத்தால் என் பிளகின் பழையபடி அறைப் பதிவிடம் போக வேண்டும். உள்ளே வைத்தாலும் பிழை, வெளியே எடுத்தாலும் பிழை. சில நாட்கள் அதிலேயே முட்டிக்கொண்டிருந்தேன். குழுத் தலைவரிடம் கேட்டால், உங்களுக்குத்தான் தெரியும் என்று எழுதினார்.

ஒரு மத்தியானம் அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். அவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார் என்று நினைத்து முதலிலிருந்தே விளக்கினேன். கலண்டரின் வேலை என்ன? நாட்களைக் கட்டம் கட்டமாக வரைவது. போயாவுக்கு மஞ்சள் வட்டம். நிரம்பிய நாளை மங்கலாக்குவது. "அது எந்த நாள்னு தெரிஞ்சுக்கத்தான் ஒங்க பிளகின்கிட்டப் போய்க் கேக்குதுக்கா," என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அது ஏன் போய்க் கேட்க வேண்டும்? கலண்டரைக் கூப்பிடுகிறவரே அதன் கையில் கொடுத்துவிடலாமே, இந்த நாட்களை மங்கலாக்கு என்று. எந்த நாளென்று மட்டும் தெரிந்தால் போதும், ஏனென்று கலண்டருக்கு எதற்கு? அறைப் பதிவு அறை நிரம்பிய நாட்களைக் கொடுக்கும். என் பிளகின் சமையலறை மூடிய நாட்களைக் கொடுக்கும். போயாத் தேதிகள் யாருக்கும் சொந்தமில்லை, அவை பொதிக்குள்ளேயே இருக்கலாம்.

எழுதியது முழுவதையும் அழித்தேன். "அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் அனுப்பினேன்.

அன்றைக்கே கலண்டரைப் பிரித்தேன். போய்க் கேட்கிற வரிகளை எடுத்தேன், கொடுப்பதை வாங்குகிற வாசல் ஒன்றை வைத்தேன். கட்டிப் பார்த்தேன், திரை வந்தது. ஏற்றும் வரிசையைப் பலவிதமாக மாற்றிப் பார்த்தேன், என்னுடையதை முதலில் வைத்து, கடைசியில் வைத்து, எடுத்தே விட்டு. ஒவ்வொரு தடவையும் திரை வந்தது. கையைத் தட்டிச் சிரித்தேன். பக்கத்துக் காம்பரா நாய் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அக்காவின் பதில் ஒரு வாரம் கழித்துக் குரல் செய்தியாக வந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"நல்லா இருக்கேன் புள்ள. இப்ப கம்ப்யூட்டர் வேல இல்ல. இங்க வயசானவங்க இருக்கிற எடத்துல துணி தொவைக்கிற பக்கம் நிக்கிறேன். இங்கத்த படிப்பு ஒண்ணு முடிக்கணுமாம், அப்பத்தான் அந்த வேல. பாப்போம். கை காஞ்சு போச்சு, குளிரு. ஒங்க ஊரு குளிரு இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல." கொஞ்சம் இடைவெளி. பிறகு, "என்னோட கலண்டர் இன்னும் ஓடுதா?"

அதைப் பல தடவை கேட்டேன். அதன் வயிற்றைக் கிழித்துத் தைத்து முடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கடைசியில் நானும் குரலிலேயே சொன்னேன். "ஓடுதுக்கா. இப்ப எல்லா பிளகினும் அதத்தான் எடுக்குது. சலவைக்காரங்ககூட எடுத்திருக்காங்க." அது உண்மை. அவர் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பினார், அதன் பிறகு ஒரு இதயத்தை.

பொதியோடு ஒரு காவலையும் வைத்தேன். யாராவது ஒரு பிளகினிலிருந்து இன்னொன்றுக்குள் நேரே கைவிட்டால், அல்லது பொதி எந்தப் பிளகினையாவது திரும்பிப் பார்த்தால், கட்டும்போதே அது மறுத்துவிடும். தென்கரை ஹோட்டலிலும் மற்ற இடங்களிலும் புதியதை ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இந்தத் தொழிலில் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் வெற்றி. குழுத் தலைவர் ஒரு கட்டைவிரல் போட்டார்.

பிறகு என்ன ஆனது என்பதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். யாருக்கும் என்னோடு பேசத் தேவை இல்லாமல் போயிற்று. அவர்களுக்குப் பச்சை வேண்டுமென்றால் பொதியில் இருக்கிறது. பட்டன் வேண்டுமென்றால் இருக்கிறது, எப்படி எடுப்பது என்று நானே விளக்கமாக எழுதியும் வைத்திருக்கிறேன். நான் எதை மாற்றினாலும் யாருடைய பக்கமும் வீங்கவில்லை. தினமும் காலையில் நடந்த கூட்டத்தை வாரத்துக்கு ஒன்றாக்கினார்கள். பிறகு அதுவும் எழுத்தில் போதும் என்றார்கள். வேலை முன்பைவிட நன்றாக நடந்தது. நான் விரும்பிச் செய்ததுதான், மறுபடி செய்யச் சொன்னாலும் அப்படியேதான் செய்வேன். ஆனாலும் மத்தியானங்களில், மூடுபனி இறங்கி எதிர்மலை மறைந்து, தேயிலையும் தெரியாமல் ஆள் சத்தமும் கேட்காமல் இருக்கும்போது, போன் வேலை செய்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அப்படி ஒரு மத்தியானம் அந்தப் புதுப் பெண்ணை அழைத்தேன். அக்காவின் பிளகினை இப்போது பார்த்துக்கொள்கிறவள். கூட்டங்களில் அதிகம் பேசாதவள், வெலிமடைப் பக்கத்துக்காரி, கொழும்பில் ஒரு போர்டிங் அறையிலிருந்து வேலை செய்கிறாள் என்று மட்டும் தெரியும். என்னிடமிருந்து அழைப்பு என்றதும் பதறிவிட்டாள்.

என்ன உடைந்துவிட்டது என்று சிங்களத்தில் கேட்டாள்.

ஒன்றும் உடையவில்லை என்றேன்.

அப்படியானால் எதற்கு என்று கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி போனில் அப்படியே நின்றது. சும்மாதான் எடுத்தேன், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க என்றேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம். காது சூடாகிவிட்டது. அவள் சிரித்தாள், கேலியாக இல்லை. நன்றாக இருக்கிறேன் என்றாள். இப்போது ஒரு கூட்டம் இருக்கிறது, பிறகு எடுக்கட்டுமா என்றாள். சரி என்று வைத்தேன்.

அன்று அவள் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. மொட்டையாக அழைத்துத் தொந்தரவு செய்துவிட்டேன் என்று நினைத்து வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமை அவளிடமிருந்து அழைப்பு வந்தது. கலண்டரில் ஒரு சந்தேகமாம், ஒரே நாளில் அறையும் நிரம்பி போயாவும் வந்தால் எந்த நிறம் மேலே வரும் என்று. அதற்கான பதில் விளக்கத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் அதைப் படித்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும், அதில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியவளே அவள்தான்.

நான் ஆற அமர விளக்கினேன், மஞ்சள் மேலே, சாம்பல் கீழே என்று. அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், உங்கள் பக்கத்தில் இன்றைக்கு மழையா என்று கேட்டாள்.